எழுபத்தொன்று புள்ளி எட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனிக்கு ஒரு குலதெய்வம் உண்டு. அது ஓர் எக்செல் கோப்பு. பெரிய ஆலைகளில் ஓடிக் களைத்த கம்பிரசர்களைக் கொண்டுவந்து, பிரித்துப் பழுது பார்த்து, காற்றை வைத்து ஓட்டிச் சோதித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். சோதனையில் எடுத்த அளவுகளை அந்தக் கோப்பில் போட்டால், மெஷினின் எஃபிஷியன்சி எத்தனை சதவீதம் என்று அது அருள்வாக்குச் சொல்லும். எழுதியவர் எப்போதோ ரிடையர் ஆகிவிட்டார். எழுதியது சரியா என்று கேட்ட ஆள் ஒருவரும் இல்லை.

கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. உள்ளே சுழலும் சக்கரம் காற்றை இழுத்து, அழுத்தி, வெளியே தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். ஆக வேண்டிய சூட்டைவிட எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் வீண். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்ற நான்கு எண்கள்தான் முக்கியம். எங்கள் ஆட்கள் அந்த நான்குக்கு நாற்பது ஸ்லைடு போட்டு, ஏசி அறையில் பிஸ்கட் தின்றுகொண்டே, தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் நான்காவது இலக்கத்துக்குச் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் என் குரலும் நன்றாகவே கேட்கும்.

சேர்ந்த மூன்றாம் மாதம், கோப்பின் ஓரத்தில் ஒளிந்திருந்த ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தேன். கடைசியில் வரும் விடையை அது சத்தமில்லாமல் 1.08-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ‘சைட் ஃபாக்டர்’, அதாவது இடத்துக்கேற்ற திருத்தம், என்று எழுதியிருந்தது. அது என்ன என்று மானேஜரிடம் கேட்டேன். மெட்ராஸ் வெயிலுக்காக இருக்கும்மா என்றார். வெயிலுக்கு மோர் குடிக்கலாம், மார்க்கை ஏற்றிப் போடலாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்டமரை ஏமாற்றுகிறோமா என்று கேட்டதும் மானேஜர், உன் இஷ்டம்மா என்று போனை எடுத்துக்கொண்டார். அந்தப் பெருக்கலை அழித்தேன். அன்று சாயங்காலம் கொரட்டூருக்கு ரயில் ஏறியபோது, இந்த எஸ்டேட்டிலேயே கணக்குத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இருந்தது.

அடுத்து சோதனைக்கு வந்த மெஷினைப் பூட்டிய ஃபிட்டருக்கு என் வயதுதான் இருக்கும். எஸ்டேட் வருவதற்கு முன்பே அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். காண்டிராக்டில் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டார். அவரைப் பர்மனென்ட் ஆக்கும் உத்தரவு அந்த மாதம்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நாங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த உத்தரவாதம் எழுபத்தேழு சதவீதம். நான் சுத்தப்படுத்திய கோப்பு எழுபத்தொன்று புள்ளி எட்டு என்றது.

எண் குறைந்தால் எங்கள் கம்பெனியில் காரணத்தைத் தேட மாட்டார்கள், ஆளைத் தேடுவார்கள். சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி அதிகமாக விட்டிருப்பார், காற்று அதன் வழியே பின்னால் ஓடுகிறது என்று நானே எழுதிக் கொடுத்தேன். மெஷினைப் பிரித்தார்கள். இடைவெளி சரியாக இருந்தது. மறுபடி பூட்டி ஓட்டினார்கள். அதே எழுபத்தொன்று புள்ளி எட்டு. உத்தரவு கையெழுத்தாகாமல் மேசையிலேயே கிடந்தது.

அப்போதுதான் அவர் என்னிடம் வந்தார். பணிவாகவெல்லாம் வரவில்லை.

“மேடம், மெஷினத் தொறந்து தொறந்து பாத்துகினு கீறீங்க. அது காத்து இழுக்குற எடத்தாண்ட வந்து ஒரு நிமிசம் நில்லுங்க. உங்களுக்கே தெரியும்.”

நான் போகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால், எண்ணெய் படிந்த சந்தில் போய் நின்று கற்றுக்கொள்ளவா நான் எம்.ஈ. படித்தேன்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மானேஜரிடம் சொல்லிக் காட்டினேன். அவர் ரசித்துச் சிரித்தார். மறுவாரம் உத்தரவு கையெழுத்தாகாமலே திரும்பிப் போனது. மாதக் கடைசியில் ஃபிட்டரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அடுத்த மெஷினை வேறொருவர் பூட்டினார். அதுவும் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. இவரையும் குற்றவாளி ஆக்க எனக்கே கூச்சமாக இருந்தது. மதியம் அந்தச் சந்தில் போய் நின்றேன். ஒரு பக்கம் வெயிலில் காய்ந்த தகரச் சுவர். மறுபக்கம் மோட்டாரின் விசிறி தன் அனலை நேராகக் காற்று இழுக்கும் குழாயின் வாயில் ஊதிக்கொண்டிருந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பம் என்று நாங்கள் கோப்பில் போட்டதோ, கேட் பக்கத்து வேப்பமர நிழலில் தொங்கும் தெர்மாமீட்டரின் எண். அதற்கு வருடா வருடம் சான்றிதழ் வாங்கி, லேமினேட் செய்து சுவரில் மாட்டுவார்கள். அதை எங்கே தொங்கவிட வேண்டும் என்று சான்றிதழில் இல்லை.

மரத்தடியில் முப்பத்திரண்டு டிகிரி. குழாய் வாயில் முப்பத்தெட்டு. காற்று வெளியிலிருந்தே கொண்டுவந்த அந்த ஆறு டிகிரியையும் மெஷின் வீணாக்கிய சூடு என்று கணக்கெழுதி, பூட்டியவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

வேலையை விட்டுப் போன ஃபிட்டர் பூட்டிய மெஷின் தேறாமல் ஷெட்டிலேயே கிடந்தது. அதை மறுபடி ஓட்டி, குழாய் வாயிலேயே அளந்து போட்டேன். எழுபத்தெட்டு வந்தது. பழைய 1.08-ஆல் பெருக்கியிருந்தால் எழுபத்தேழரை வந்திருக்கும். அது மோசடிதான், ஆனால் என் நேர்மையைவிட உண்மைக்கு அதுவே பக்கத்தில் இருந்திருக்கிறது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மானேஜருக்கு ஒரே சந்தோஷம். திருத்திய ரிப்போர்ட்டை உடனே அனுப்பச் சொன்னார். ஃபிட்டரைப் பற்றி எழுத வேண்டாமா என்று கேட்டேன். போன ஆளை ஏம்மா இழுக்கறே, கணக்கில் திருத்தம்னு ஒரு வரி போடு என்றார். கஸ்டமருக்காகக் கொதித்த வீராங்கனை நான்தான். அந்த ஒரு வரியைப் போட்டு அனுப்பினேன்.

ஃபிட்டர் கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஏசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தப்பு என்னுடையது, மன்னியுங்கள் என்றேன். எழுபத்தெட்டு வந்தது என்றும் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“பூட்டுனவன் மேல தப்பு இல்லன்னு அந்த ரிப்போட்டுல எழுதுனீங்களா?”

இல்லை என்றேன்.

“அப்ப அந்த எழுவத்தெட்ட நீங்களே வச்சிக்கங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விட்ட வேலைக்குக் குனிந்தார்.