மைக் ஒயரை மாற்றிச் செருகியது

எதிர்வீட்டு அங்கிளின் மகன் பாரீஸில். பேத்தியைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில்தான் வீடியோ கால். சில வாரங்களாக இவர் பேசுவது அங்கே கேட்கவில்லை. மகனும் குழந்தையைக் காட்டிவிட்டு வைத்துவிடுவான். இவர் சிரித்தபடி கையசைப்பார்.

"மைக்கு போச்சு போலப்பா, வந்து பாரு" என்று இன்று கூப்பிட்டார்.

திரையில் மகன் இருந்தான். சிபியூவின் பின்னால் குனிந்து பார்த்தேன். பிங்க் ஓட்டையில் இருக்க வேண்டிய மைக் ஒயர், பக்கத்து நீல ஓட்டையில் இருந்தது. மாற்றிச் செருகினேன்.

"அப்பா, இப்ப கேக்குது" என்றான் மகன்.

"அப்ப இதையும் கேட்டுக்க. நீ எத்தன தடவ சொன்னாலும், நான் இருக்கற வரைக்கும் வீட்ட விக்க மாட்டேன்."

"உங்களுக்கப்புறம் அங்க யாருப்பா இருக்கப் போறா?"

அங்கிள் எழுந்து உள்ளே போய்விட்டார். கால் கட்டானது.

டீ கொண்டுவந்த ஆன்ட்டி மெதுவாகச் சொன்னார்: "நான்தாம்பா மாத்திச் சொருவி வச்சேன். சத்தம் போவாதப்ப ரெண்டு பேரும் சிரிச்ச மூஞ்சியா இருந்தாங்க."

அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஆன்ட்டி மறுபடி மாற்றிவிடுவார்; அடுத்த ஞாயிறும் மைக் போச்சு என்று அங்கிள் கூப்பிடுவார். போகட்டுமா, வேண்டாமா? கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். குடும்பம் நடத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.