காலியாகப் போன சாரட்டு

டிவியில் ஏதோ ஒரு நாட்டு ராணி குதிரை பூட்டிய சாரட்டில் போவாள். அக்கா அவளைப் போலவே மணிக்கட்டை மட்டும் அசைத்து எங்களுக்குக் கை காட்டுவாள்.

"உன் கல்யாணத்துக்கும் அதே மாதிரி வண்டிதாம்மா" என்பார் நைனா.

மஞ்சள் காமாலையில் அக்கா செத்துப்போனாள். கல்யாணமாகாதவள் என்று வாழைக்கன்றோடு கல்யாணம் முடித்துத்தான் பாடையில் கிடத்தினார்கள். அந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவன் நாசமாய்ப் போக.

நைனா திருத்தணிக்குப் போய்க் கல்யாணச் சாரட்டைக் கூட்டி வந்தார்.

"பொணத்தை ஏத்த மாட்டேங்க. வேணும்னா காலியா முன்னால ஓட்டிகினு போறேன்" என்றான் வண்டிக்காரன். நைனா அதற்கும் தலையாட்டினார்.

பின்னால் வந்த பாடையைக் கவனிக்காத தெருப்பிள்ளைகள், கல்யாணம் என்று நினைத்துச் சாரட்டுக்குக் கை காட்டினார்கள். கொள்ளிச்சட்டியோடு நடந்த நைனா, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பதிலுக்குக் கை காட்டினார்.