நெற்றிக்குள் வந்த விரல்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் கேமரா பிடிப்பது என் வேலை. அன்று மேசையில் படுத்திருந்தது என் மச்சான், காலமான என் மனைவியின் தம்பி. நான் ஓட்டிய பைக் சுவரில் மோதியதில் எனக்குச் சட்டைப் பித்தான் ஒன்று போனது. பின்னால் உட்கார்ந்திருந்த அவனுக்கு நெற்றி எலும்பு கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. இடது புருவமும் அசையவில்லை.

அந்தப் புருவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் கதை அளந்தால் மட்டும்தான் அது மேலே ஏறும். எத்தனையோ பேர் முன்னால் ஏறி என் மானத்தை வாங்கியிருக்கிறது. இப்போதோ, அது மறுபடி ஏறினால் போதும் என்றிருந்தது எனக்கு. "தம்பியைப் பாத்துக்கோங்க" என்பதுதான் அவன் அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னது.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது கேட்டான்.

"மாமா, நீங்களா கேமரா?"

"ஆமா."

"வண்டி மாதிரி ஓட்டிராதீங்க."

நெற்றியைக் கிழிக்கவில்லை. முடிக்குள் இரண்டு சின்ன வெட்டு. ஒன்றில் என் கேமராக் குழாய். இன்னொன்றில் டாக்டரின் கருவி. திரை தெளிவாகத் தெரிய விளக்கையெல்லாம் அணைத்தார்கள். வெளியே பட்டப்பகல். உள்ளே கும்மிருட்டு. டிவியில் மட்டும், தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சிவந்த குகை...

பீப்... பீப்...

டாக்டர் குழியை நிரப்பி முடித்தார். கருவியை வெளியே எடுத்தார்.

குகைக்குள் ஏதோ அசைந்தது.

ஒரு விரல்.

திரையில் தூண் மாதிரி. நுனியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. என் சட்டையைத் தேய்க்கும்போது என் மனைவிக்கு விழுந்த தழும்பு.

இருந்தது இரண்டே வெட்டு. ஒன்றில் என் குழாய். மற்றது காலி.

விரல் புருவத்துக்கு அடியில் தடவியது. தலைவலி என்று அவன் படுத்தால் அவள் தடவுவாளே, அப்படி... மெதுவாக...

பிறகு திரும்பியது.

என்னைப் பார்த்து நீண்டது.

"பெரியவரே, ஆட்டாதீங்க!"

"டாக்டர்... அது..."

"எது?"

குகை காலி.

தையல் போட்டபின் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். நெற்றி சரியாகிவிட்டதாம். ஆனால் புருவத்தைத் தூக்கும் நரம்பு விபத்திலேயே அறுந்துவிட்டதாம். "இனிமே அது ஏறவே ஏறாது" என்றார்.

மறுநாள் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரல், தழும்பு, ஒன்று விடாமல். பல்லின்மேல் சத்தியம் செய்துதான் சொன்னேன். அழக்கூடச் செய்தேன்.

கட்டுக்குக் கீழே அவன் இடது புருவம்...

மெல்ல...

ஏறியது.