ஒரு சிவப்புப் பெட்டிக்கு விற்கப்பட்ட தங்கை

லிஃப்ட் மெக்கானிக்கை உலகம் நினைத்துக்கொள்வது லிஃப்ட் நின்றுபோன பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு பிறவி இருப்பதே யாருக்கும் தெரியாது. நம்மவருக்கு அதில் வருத்தமெல்லாம் இல்லை. முப்பத்தோரு வருஷம் இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி, கிரீஸ் பிசுக்கோடு வீடு திரும்பியவர். தெருவில் அவருக்கு ‘லிஃப்ட்டு’ என்றே பேர் விழுந்துவிட்டது. தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: உள்ளே ஆள் மாட்டியிருந்தால் பேச்சு கூடாது, பேரம் கூடாது, முதலில் ஆளை வெளியே எடு. யார் தப்பு, யார் கூலி தருவது என்பதெல்லாம் அப்புறம். சொந்தக் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட்டில் சமையல்காரர் மாட்டிக்கொண்டபோது புதுச் சட்டையோடு ஓடியவர் அவர். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் கை மட்டும் கறுப்பாக இருப்பது அதனால்தான்.

இவ்வளவு விவரமான மனுஷர் போயும் போயும் ஒரு இலவசச் சாப்பாட்டில் விழுந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடையில் நகரும் படிக்கட்டைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரிடம், வாசனையாக வந்த ஒரு பெண் கூப்பனை நீட்டினாள். மனைவியோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்றாள். போனார்கள், சாப்பிட்டார்கள். கைகழுவி வருவதற்குள் மேஜைமேல் பத்திரம் வந்துவிட்டது. கடலோர ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம், இருபத்தைந்து வருஷத்துக்கு அறை உங்களுடையது, படுக்கையிலிருந்தே கடல் தெரியும் என்றார்கள். டைம்ஷேர் என்று அதற்குப் பெயர். சாப்பிட்ட வாயோடு மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் வருஷம் படுக்கையிலிருந்து தெரிந்தது தண்ணீர்த் தொட்டி. “அதுலயும் தண்ணிதானேங்க இருக்கு” என்று அவர் மனைவி சமாதானம் சொன்னாள். கேட்டதற்கு ஏதோ குளறுபடி என்றும், அடுத்த தடவை கட்டாயம் கடல் பார்த்த அறை என்றும் கம்பெனிக்காரர்கள் கும்பிடாத குறையாகச் சொன்னார்கள். நம்மவர் அதையும் நம்பினார். அவருக்கு எந்திரம் பொய் சொன்னால் கண்டுபிடிக்கத் தெரியும், மனுஷன் சொன்னால் தெரியாது.

நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போது தங்கையின் கணவருக்கு ஆபரேஷன் முடிந்து, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். “நீயும் சேர்ந்துடும்மா. மாப்பிள்ளை கட்டில்ல படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம்” என்று தங்கையையும் மெம்பராக்கிவிட்டார். உண்மையான பாசத்தில்தான் செய்தார். ஆனால் உறவினர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் கம்பெனி ஒரு பரிசு தரும் என்பதை அவளிடம் சொல்லாமல் விட்டார். பரிசாக வந்தது சக்கரம் வைத்த ஒரு சிவப்புப் பெட்டி.

தங்கைக்குக் கிடைத்த அறை நான்காவது மாடியில், சலவைக்கூடத்தைப் பார்த்தபடி. லிஃப்ட் அன்றைக்கு ரிப்பேர். ஆபரேஷன் பண்ணின மனுஷர் நான்கு மாடி ஏறி, கட்டிலில் படுத்து, ஒரு வாரம் ஊரார் படுக்கை விரிப்புகள் காய்வதைப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பிய கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் கண்ணில் அந்தச் சிவப்புப் பெட்டி பட்டது. கைப்பிடியில் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது: ‘ஒரு உறவினரைச் சேர்த்துவிட்டதற்கு எங்கள் அன்பளிப்பு.’ அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“ஒரு பெட்டிக்கு என்னை வித்துட்டியாண்ணா?”

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆறு வருஷம் அவள் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் செய்தால் அவள் கணவர் எடுப்பார். பக்கத்திலேயே அவள் குரல் கேட்கும்: “நல்லாத்தான் இருக்கோம்னு சொல்லுங்க உங்க மச்சான்கிட்ட.” அவரும் “மச்சான், நல்லாத்தான் இருக்கோமாம்” என்பார். பெட்டியை நம்மவர் ஒரு நாளும் வெளியே எடுத்துக்கொண்டு போகவில்லை. பரணில் போட்டார். மனைவி அதில் பழைய போர்வைகளைத் திணித்து வைத்தாள். எங்கேயாவது சிவப்புப் பெட்டியைக் கண்டால் மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி கைமாறியது. புது நிர்வாகம், மெம்பர்களின் சலுகைகள் எல்லாம் மேம்படும், உறவினர் மூலம் சேர்ந்தவர்களுக்குக் கடல் பார்த்த அறையில் முன்னுரிமை, ரிசார்ட்டுக்கு வந்து நேரில் கேளுங்கள் என்று வழவழ காகிதத்தில் கடிதம் வந்தது. நம்மவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தார்.

“உங்களுக்கு இன்னுமா புத்தி வரல?” என்றாள் மனைவி.

“எனக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்கு ஒரே ஒரு தடவை கடல் தெரிஞ்சிட்டா, என்கிட்ட பேசிடுவா.”

மனைவி அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

ரிசார்ட்டுக்குள் நுழைந்ததுமே அவர் காது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. லிஃப்ட் ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் ‘டிக்’கென்று ஒரு சின்னத் தயக்கம். கதவுப் பூட்டில் தேய்மானம். வரவேற்பு மேஜையில் இருந்தவரிடம் போய், “இத நிறுத்தி வைங்க, எந்த நேரமும் நடுவுல நின்னுடும்” என்றார்.

“இல்லீங்க, புது நிர்வாகம் வந்ததும் முதல் வேலையா லிஃப்ட்டைத்தான் கவனிச்சோம். உள்ள பெரிய கண்ணாடி போட்டிருக்கோம். பாட்டுகூட வருது.”

நம்மவருக்கு அந்த இடத்திலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. பூட்டை மாற்றாமல் கண்ணாடி மாட்டுகிறவன் என்ன சலுகை கொடுத்துக் கிழிக்கப்போகிறான்? ஆனாலும் ஆசை யாரை விட்டது! படியேறி, மூன்றாவது மாடியில் மெம்பர்களுக்காகப் போட்டிருந்த கூட்டத்துக்குப் போனார்.

தங்கை முன்வரிசையில் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அவள் குடிநீர் அலுவலகத்தின் புகார் கவுண்டரில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். குடத்தோடு வந்து கத்துகிறவர்களையும், குழந்தையோடு வந்து அழுகிறவர்களையும் ஒரே முகத்தோடு பார்த்து, ரசீது கொடுத்து அனுப்பிப் பழகியவள். அவளை ஏமாற்ற வேண்டுமானால் அந்தக் கவுண்டரில் அவளே சொல்லியிராத பொய்யாகத்தான் சொல்லவேண்டும்.

புது மேனேஜர் நீலக் கோட்டில் வந்தார். பல் நன்றாக இருந்தது. நீங்கள் மெம்பர் இல்லை, எங்கள் குடும்பம் என்று ஆரம்பித்தார். யாரோ நீச்சல்குளத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்கள். “பரிசீலனையில் இருக்கு” என்றார். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் ஏறுவது நிற்குமா? பரிசீலனை. கடல் பார்த்த அறை? அதுவும் பரிசீலனை. நம்மவர் எழுந்து, நாக்குக் குழற, “உறவினர் மூலமா சேர்ந்தவங்களுக்கு முன்னுரிமைன்னு போட்டிருந்தீங்களே” என்று கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். தங்கை திரும்பிப் பார்த்தாள்.

“ஆவன செய்வோம் சார்” என்று மேனேஜர் பல்லைக் காட்டினார். எல்லோருக்கும் கம்பெனி பேர் போட்ட சாவி வளையம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். கூட்டம் முடிந்துவிட்டது.

மேனேஜர் விறுவிறுவென்று லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார். கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு கைப்பை குறுக்கே நீண்டது. கைப்பைக்குப் பின்னால் தங்கை உள்ளே நுழைந்தாள். நம்மவர் “ஏறாதம்மா!” என்று கத்துவதற்குள் கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் இறங்கியது. ‘டிக்’ என்றது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு வந்த குஷி இருக்கிறதே! நீச்சல்குளத்துக்காரர் கையைத் தட்டினார். “யாரும் தொறக்காதீங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு வரட்டும்!” என்று ஒருத்தர் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். நம்மவர் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

“தள்ளுங்க. உள்ள ஆள் இருக்கு.” அவர் பையில் வீட்டுச் சாவியோடு லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவியும் எப்போதும் இருக்கும். மெயினை அணைக்கச் சொன்னார். பாட்டு நின்றது. கதவில் வாயை வைத்து, “பயப்படாதம்மா, அஞ்சே நிமிஷம்” என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அண்ணா! நீதானே வெளியில?”

ஆறு வருஷம். நம்மவர் சொன்ன “நான்தான்மா”வில் பாதி காற்றாகப் போய்விட்டது.

“அவசரப்படாத. நான் நல்லாத்தான் இருக்கேன். இங்க எமர்ஜென்சி லைட் எரியுது, மேல காத்தும் வருது. சாரோட கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.”

“சார்! சீக்கிரம் திறங்க சார்! எனக்கு வேர்க்குது!” இது மேனேஜர்.

“பரிசீலனையில இருக்குன்னு சொல்லுண்ணா” என்றாள் தங்கை.

மாடியே அதிர்ந்து சிரித்தது. நம்மவர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறினார். இந்த மாதிரி நேரத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவர், அன்றைக்கு ஒவ்வொரு படியாக ஏறினார். “முட்டி வலி” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். அவர் முட்டியில் அதுவரை எந்தக் கோளாறும் கிடையாது.

மோட்டார் அறையில் இரும்புக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாகக் கீழே பேசுவது கிணற்றுக்குள் பேசுவதுபோல் கணீரென்று கேட்டது.

“‘ஆவன செய்வோம்’னு எழுதாதீங்க. அதை இருபத்தேழு வருஷம் நானே எழுதியிருக்கேன், அதுக்கு ஒண்ணும் செய்ய மாட்டோம்னு அர்த்தம். எந்த அறை, எந்தத் தேதி? அதை எழுதுங்க.”

“மேடம், எனக்கு அதிகாரம் இல்ல மேடம்.”

“இல்லைன்னா அதையாவது மேடையில சொல்லியிருக்கணும். எழுதுங்க.”

நம்மவர் காவலாளியிடம் பிரேக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டைக் கையால் இறக்கும் மோட்டார் சக்கரத்தில் கையை வைத்தார். அப்போது அவள் குரல் மறுபடி வந்தது, இப்போது கொஞ்சம் கம்மியிருந்தது.

“எங்க அண்ணனுக்கு மிஷினத் தவிர ஒண்ணும் தெரியாது சார். யார் என்ன சொன்னாலும் நம்பிடுவார். அந்த மனுஷன் கையில பெட்டியக் குடுத்து எங்களப் பிரிச்சீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?”

நம்மவர் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

“கண்ணுல தூசியா சார்?” என்றான் காவலாளி.

“கிரீஸ்.”

“கண்ணுலயா?”

“நீ கம்பியப் பிடி.”

அங்குலம் அங்குலமாகச் சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை இரண்டாவது மாடிக்கு இறக்கினார். வந்து கதவைத் திறந்தபோது மேனேஜர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி நின்றார். தங்கையின் தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை. கையில் வழவழ விளம்பரத்தாள், அதன் பின்பக்கம் முழுக்க மேனேஜர் எழுதிக்கொடுத்த உறுதிமொழி.

அவள் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். “முட்டி எப்பலேர்ந்து வலிக்குது? டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் கணவரைத் தேடிப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. இயந்திரக் கோளாறு நேரத்தில் தரப்பட்ட உறுதிமொழிகள் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாதாம். ஆனால் மெம்பர்களின் வசதியை மனத்தில் கொண்டு, புதிய சலுகையாக லிஃப்ட்டுக்குள் ஒரு மடக்கு நாற்காலி வைத்திருக்கிறார்களாம். நம்மவர் கடிதத்தோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி போய்த் தொலையட்டும். கடல் இல்லையென்றால் தங்கை மறுபடி வாயை மூடிக்கொள்வாளே என்பதுதான் அவர் பயம்.

கதவு தட்டப்பட்டது. தங்கை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டுக்குள் வருகிறாள். கையில் அதே கடிதம். அண்ணனைத் தாண்டி நேராக அடுக்களைக்குப் போனாள்.

“அண்ணி, அந்தப் பெட்டி எங்க?”

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். பரணிலிருந்து பெட்டி இறங்கியது, போர்வைகள் கொட்டப்பட்டன. தங்கை கைப்பிடியை இழுத்து நாலடி உருட்டினாள். ஒரு சக்கரம் சுற்றாமல் கிறீச்சென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

“சக்கரம்கூட ஓடல. இதுக்கா என்னை வித்த?”

“எண்ணெய் போட்டா ஓடும்மா.”

“அப்ப போடு. வர்ற வாரம் அவங்க தலைமை ஆபீசுக்குப் போறோம். ஆறு வருஷக் கடுதாசியெல்லாம் வைக்கப் பெட்டி வேணும். அங்க நான் பேசிக்கறேன், நீ பாட்டுக்கு வாயத் தொறந்து எதையாவது நம்பித் தொலைக்காத. புரியுதாண்ணா?”

அவர் எண்ணெய்க் குப்பியோடு தரையில் உட்கார்ந்தார். அவள் தலைக்குமேல் நின்று, முதல் வருஷத்துத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு ‘அண்ணா’ வந்தது. சக்கரம் முதல் சொட்டிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அவர் தலையை நிமிர்த்தாமல் எண்ணெயை விட்டுக்கொண்டே இருந்தார்.