எங்கள் பாறைமேல் நின்று பேசியவர்களுக்கு

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

அப்பா இதே மலையில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். ஆலங்காயம் சந்தைக்குப் புளி சுமந்து நடந்தார். சாமை விதைத்தார். என்னை வளர்த்தார். அதிகம் பேசமாட்டார்.

நம் ஊரில் செல்போனுக்கு டவர் கிடைப்பது எங்கள் கொல்லைப் பாறைமேல் மட்டும். ஒருவர் நிற்கத்தான் இடம். ஊரே வந்தீர்கள். சாமையை மிதித்துக்கொண்டு வந்தீர்கள். அப்பா ஏறுவதற்குப் படிக்கல் போட்டுக் கொடுத்தார். அது அவர் குணம். மிதித்தது உங்கள் குணம்.

எதிர்வீட்டு அத்தை எங்கள் பலாச்சுளையைத் தின்றுகொண்டே திருப்பூரில் இருக்கும் மகனிடம், "காய்ச்சல்டா கண்ணு, தண்ணிகூட எறங்கல" என்று அழுவார். அறுப்புக்குக் கூப்பிட்ட ஆலங்காயத்து மச்சானிடம் கீழ்வீட்டு மாமா, "நான் போளூர்ல கீறேன், பஸ்ஸே இல்ல" என்பார். பக்கத்தில் களை எடுக்கும் அப்பா நிமிர மாட்டார். நான் சிரித்தால் முறைப்பார்.

"கேட்டத அங்கியே வுட்டுட்டு வா" என்பார்.

அவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை. அதனால்தான் இங்கே பல குடும்பங்கள் இன்னும் ஒன்றாகச் சாப்பிடுகின்றன.

அன்று காலை அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஜீப்புக்குச் சொல்லப் பாறைக்கு ஓடினேன். மேலே கீழ்வீட்டு மாமா. போனில் சம்பந்தியோடு சண்டை. காதுகுத்து விருந்தில் தன் இலைக்கு எலும்பு மட்டும் விழுந்ததாம்.

"மாமா, எறங்கு. அப்பாவுக்கு முடில."

"இரும்மா, இன்னா அவசரம்? இவன இன்னிக்கி வுடக்கூடாது."

கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன்.

"பெரியவங்கன்னு ஒரு மரியாத கீதா பாரு!" என்று கீழே நின்று கத்தினார்.

ஜீப் வந்தது. மலை இறங்கும்போது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "பாறைய அடைச்சிடாதம்மா." போளூர் ஆஸ்பத்திரி வாசலில் போய்விட்டார்.

சாவுச் செய்தியையும் அந்தப் பாறைமேல் ஏறித்தான் சொன்னீர்கள். கீழ்வீட்டு மாமாதான் அதிகம் அழுதார். போனில்.

ஜீப் ஓட்டிய தம்பிக்கு நன்றி. வழி முழுக்க அப்பாவின் காலைத் தேய்த்துவிட்ட அந்தத் தம்பியின் மனைவிக்கு நன்றி. வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

பாறையை அடைக்க முள் வெட்டி வைத்திருந்தேன். அப்பா சொல்லுக்காக அதை அடுப்பில் வைத்து எரித்தேன். வாருங்கள். பேசுங்கள். அப்பா களை எடுத்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயும் உண்டு.

மகள்