ஒரு முறை மட்டும் கூப்பிடும் பேய்: பேரிகைக்கு ஒரு ஞாயிறு

ஓசூர் பேருந்து நிலையம், காலை 8.10. பாகலூர் வழி பேரிகை. கட்டணம் மூன்று ரூபாய். இருபத்திரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் ரோடு வேலை நடக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது என்றார் நடத்துநர். ஜன்னல் ஓரம் கிடைத்தது. பையில் ஒரு நோட்டு, இரண்டு பேனா, ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த தக்காளி சாதம்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். விருதுநகரில் டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். வாரத்தில் ஆறு நாள் பல்சக்கரங்களை அளந்து பார்க்கிற வேலை. ஏழாவது நாள் நூலகம். அங்கே உலகத்துப் பேய்கள் வசிக்கும் இடங்களைப் பற்றி எது கிடைத்தாலும் நோட்டில் ஏற்றிவிடுவேன். லண்டன் கோபுரத்தில் வெட்டுண்ட தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கும் ராணி. ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்கு அடியில், சுரங்கப் பாதை எங்கே போகிறதென்று பார்க்க ஊதுகுழலோடு அனுப்பப்பட்டுத் திரும்பி வராத பையன். மேலே நிற்பவர்களுக்கு இன்றும் இசை கேட்கிறதாம். கலிபோர்னியாவில் கரையோரம் கட்டிப்போட்டு ஓட்டலாக்கிய கப்பல், தண்ணீர் வற்றிய அதன் நீச்சல்குளத்தின் ஓரத்தில் ஈரக் காலடிகள். ராஜஸ்தானில், பொழுது சாய்ந்தபின் யாரும் கால் வைக்காத பாழ்நகரம்.

இவற்றுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. பேய் ஓர் இடத்தில் இருக்கிறது, நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பேரிகைப் பெண் இதைக் கேட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்ப் பேயிக்கு அந்த ராங்கி எல்லாம் இல்லப்பா. அதுவே வீடு தேடி வந்து கதவத் தட்டும்."

அதற்குத்தான் இந்த மூன்று ரூபாய்.

9.25. பேரிகை. பெரிய ஊர்தான். சந்தைத் திடல், தக்காளிக் கூடைகள் ஏற்றும் டெம்போ, தெலுங்கில் பேரம், கன்னடத்தில் சண்டை, தமிழில் சமாதானம். ஆனால் நான் பார்க்க வந்தது கதவுகளை. முதல் தெருவில் பதினான்கு வீடுகள், பதினான்கு கதவிலும் சுண்ணாம்பில் எழுத்து. சிலவற்றில் கன்னடத்தில் "நாளெ பா", சிலவற்றில் தெலுங்கில் "ரேப்பு ரா", மற்றவற்றில் நம் தமிழில் "நாளை வா". மூன்றும் ஒன்றுதான். ராத்திரி வரும் பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். மறுநாள் ராத்திரி வரும், மறுபடி படிக்கும், மறுபடி போகும். ஒரு கதவில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

அந்தக் கதவு பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர் நாராயணப்பாவின் வீட்டுக் கதவு. டீ எழுபத்தைந்து பைசா.

"எதுக்குண்ணா மூணு பாஷை?"

"அது எந்த ஸ்கூல்ல படிச்சுதோ, நமக்கு என்ன தெரியும் பாப்பா? ஒரு பாஷைய நம்பி உசுர வெக்க முடியுமா?"

அவரே பேயைக் கண்ணால் பார்த்தவர். ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை, பத்து மணிக்குக் கடையைச் சாத்தும்போது, புளிமண்டித் தெருவிலிருந்து தலை முதல் கால்வரை வெள்ளையாக ஓர் உருவம் வந்ததாம். மார்போடு ஒரு மூட்டை. நேரே ராத்திரிக்கு நிற்கும் பஸ் பக்கம் போனது, பஸ்ஸை நெருங்கியதும் மறைந்துவிட்டது.

"பாய் வீட்டுப் பொம்பளைங்க போர்த்துற வெள்ளைத் துப்பட்டியா இருக்கலாமே?"

"நல்லாச் சொன்ன போ! அவுங்க ராத்திரி பத்து மணிக்குத் தனியா எதுக்கு வர்றாங்க?" என்றவர், என் முகத்தில் நம்பிக்கை போதாததைக் கண்டு, "என்னை உட்டுடு. கொரலக் கேட்டவரே இருக்காரு. ஜமால் பாய். புளிமண்டி. போய்க் கேளு, அவரு சொன்னா கலெக்டரே நம்புவாரு" என்றார்.

10.15. ஜமால் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டின் முன்கட்டுதான் மண்டி. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டைப் பார்த்ததும் அவர் உற்சாகமாகி நாற்காலி போடச் சொன்னார். பல முறை சொல்லிச் சீரான கதை என்று முதல் வரியிலேயே தெரிந்தது.

"ஒம்பதே முக்கால், பத்து இருக்கும். சாப்ட்டுப் படுக்கப் போற நேரம். வெளிய நின்னு ஒரு கொரலு. 'அத்தா'ன்னு. ஒரே ஒரு தடவ. எம்பொஞ்சாதி எந்திரிச்சு ஓடுறா. நான் எட்டித் தாழ்ப்பாளப் புடிச்சுக்கிட்டேன். ஏன்? பேயி ரெண்டாந்தடவ கூப்பிடாதும்மா. அதுக்கு அவ்வளவுதான் அனுமதி. மனுசனா இருந்தா மூணு தடவ கூப்பிடுவான். அதனாலதான் இந்தப் பக்கம் ராத்திரியில எவனும் மொதக் கொரலுக்குத் தொறக்க மாட்டான். எண்ணிக்கிட்டு நின்னேன். ஒண்ணோட முடிஞ்சுது."

"யார் குரல்ல கூப்பிட்டுச்சு?"

புளி தட்டும் சத்தம் நின்றது.

"எம்மக கொரல்ல" என்றார். "நமக்கு யாரு இல்லியோ அவுங்க கொரல்லதான் அது வரும்."

"மகள்…"

"இருக்கா, இருக்கா. இங்க இல்ல."

அதற்குமேல் அவர் புளி விலையைப் பேசினார்.

12.40. சாப்பிடாமல் போகக்கூடாது என்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டவர் அவர் மனைவி மைமூன். என் தக்காளி சாதத்தை அவர் வாங்கிக்கொண்டு எனக்குக் கறிக்குழம்பு ஊற்றினார். மிச்சக் கதை அங்கேதான் கிடைத்தது. மகள் பரீதா ஓசூரில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குப் போனவள். இரண்டு வருடத்துக்கு முன்பு அங்கே ஃபிட்டராக இருக்கும் தெற்கத்திப் பையனை, வேறு மதத்தவனை, கல்யாணம் செய்துகொண்டாள். இனி அவள் குரல் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்றாராம் பாய். கடிதமும் இல்லை, விலாசமும் இல்லை.

"அது பேயின்னா எனக்கும் நிம்மதிதாம்மா" என்றார் மைமூன், குரலைத் தாழ்த்தி. "ஆனா அன்னைக்கு அந்தக் கொரலு சளி கட்டியிருந்துச்சு. சின்ன வயசுலருந்தே பனி பட்டா அவளுக்கு அப்பிடித்தான் கட்டிக்கும். பேயிக்குச் சளி புடிக்குமா, நீயே சொல்லு?"

முன்கட்டிலிருந்து பாயின் குரல் வந்தது: "புடிக்கும்! அது எல்லாத்தையும் அப்பிடியே காப்பியடிக்கும்!"

"இவரு எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு" என்றார் மைமூன். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அது எம்புள்ளைன்னா, அந்தப் பனியில விடிய விடிய எங்கம்மா நின்னிருக்கும்?"

பேய் என்றால் ஜமால் பாய் வீட்டைக் காத்தவர். பேய் இல்லையென்றால், மகள் திரும்பி வந்த ஒரே இரவில் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர். ஒரு மாதமாக வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது எதற்கென்று எனக்கு அப்போது புரிந்தது. நோட்டில் இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

2.20. ஓசூர் திரும்பும் பேருந்து. கூட்டமில்லை. நடத்துநர் தர்மபுரிக்காரர், பேச்சுப் பிரியர். ராத்திரி இந்த ஊரிலேயே நிற்கும் பேருந்தில் முறை வைத்து இவரும் வருவாராம். கடைசி நடை ஒன்பது நாற்பதுக்குப் பேரிகை. பேருந்திலேயே படுத்து, காலை ஐந்துக்கு முதல் நடை. பேய் உங்கள் பேருந்துப் பக்கம்தான் மறைந்ததாமே என்று கேட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"மறையல மேடம். ஏறி உக்காந்துச்சு. அஞ்சாவது சீட்டு."

"என்னது?"

"ஒரு பொண்ணுங்க. கைக்கொழந்தையோட. கடைசி நடையில எங்க வண்டியிலதான் வந்து எறங்குச்சு. அரை மணி நேரத்துல திரும்பி வந்து, 'அண்ணா, விடியற வரைக்கும் உள்ள உக்காந்துக்கலாமா'ன்னு கேட்டுச்சு. அழல, ஒண்ணுமில்ல. மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. கொழந்ததான் விடியவிடியக் கத்துச்சு. டிரைவரண்ணன் போர்வையக் குடுத்தாரு. நாங்க ரெண்டு பேரும் டாப்புல ஏறிப் படுத்துக்கிட்டோம்."

"ஊர்ல சொல்லலையா?"

"யாரு வீட்டுப் பொண்ணுன்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? மறுநாள் ராத்திரி வந்தா ஊரே பேயி பேயின்னு கெடக்குது. பேயி படுத்த வண்டின்னு தெரிஞ்சா கடைசி நடையில எவன் ஏறுவான்? கலெக்‌ஷன் போயிடும்னு டிரைவரண்ணன் வாயத் தெறக்காதன்னாரு."

"எங்கே இறங்குனாங்க?"

"ஓசூரு. மத்திகிரி டவுன் பஸ்ஸு நானேதான் ஏத்திவுட்டேன். மாட்டுப்பண்ணைக்கு எதிர்ல லைன் வீடுன்னு சொல்லுச்சு."

விசில் கொடுக்கச் சொன்னேன். ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வந்திருந்தோம். இறங்கித் திரும்பி நடந்தேன். சரியான வெயில். வழியில் பாதி தூரத்தில்தான், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்திருக்க வேண்டியது என் நினைவுக்கு வந்தது.

3.10. சொன்னேன். முன்கட்டில் இருந்த அத்தனை பெண்களும் கேட்டார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

"கண்டக்டரு புளுகுறான்" என்றார் ஜமால் பாய். "பஸ்காரனுங்க பேச்ச நம்புவியா நீ?"

மைமூன் உள்ளே போனார். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. "எனக்கு மத்திகிரி தெரியாது. இந்தப் பொண்ணுக்குத் தெரியும். நான் போறேன். தாழ்ப்பாள நீங்களே புடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க."

கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாய் அவளை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொழந்த ஆணா பொண்ணா?"

"கேட்கல."

"என்னம்மா நீ! இவ்வளவு பெரிய நோட்டு வெச்சிருக்க, இதைக் கேட்டு எழுதலையா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

5.50. மத்திகிரி. டவுன் பஸ் அறுபது பைசா, மூன்று பேருக்கும் பாய்தான் எடுத்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் பண்ணையின் நீள வேலி, அந்தப் பக்கம் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வாடகை வீடுகள், எல்லாம் ஒரே அளவு. ஞாயிறும் ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் லுங்கியோடு குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் வீடு என்று கேட்டதும் ஒருவன், "எந்த ஃபிட்டரு? இங்க பாதிப்பேரு ஃபிட்டருதான்" என்றான். கைக்குழந்தை என்றதும், "அவன் ஷிப்டுக்குப் போயிருக்கானே" என்று கடைசிக்கு முந்தின வீட்டைக் காட்டினான்.

பரீதா கொடியில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மாவை முதலில் பார்த்தாள். கையிலிருந்த துணியோடு அப்படியே வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பாய் நாலடி தள்ளி நின்றார்.

அவர்தான் முதலில் ஆரம்பித்தார். சமாதானமாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை; மண்டியில் மூட்டை குறைந்தால் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏன் ஒரு தடவையோட நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு தடவ கூப்பிட்டிருந்தா தொறந்திருப்பேன்ல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எத்தன தடவ வேணாலும் கூப்பிடலாம்னுதான் வந்தேன் அத்தா. ஒரு தடவ கூப்பிட்டதும் உள்ள லைட்ட அணைச்சிட்டீங்களே."

மைமூன் கணவரைப் பார்த்தார். மைமூனுக்கும் தெரிந்த விஷயம்தான். இத்தனை நாள் அந்தக் கதையில் இருவருமே அதைச் சொன்னதில்லை.

குழந்தை உள்ளே அழுதது. பரீதா எடுத்து வந்தாள். ஆண். யார் கையிலும் கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "உள்ள வாங்கம்மா" என்றாள். அப்பாவைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. கதவை மட்டும் சாத்தாமல் விட்டாள். அவர் போகவில்லை. வாசல் படியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

6.30. எனக்கு ஹாஸ்டலில் ஏழு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கிளம்பினேன். லண்டன், ஸ்காட்லாந்து, ராஜஸ்தான் வரிசையில் பேரிகையையும் சேர்க்கத்தான் போயிருந்தேன். அங்கேயெல்லாம் கதை சொல்பவர்களுக்கும் பேய்க்கும் நடுவில் முந்நூறு நானூறு வருடம் இருக்கிறது. யாருக்கும் நோவதில்லை, டிக்கெட் கிழித்துக் கொடுக்கலாம். இங்கே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நிறுத்தத்தில் நிற்கும்போது பாய் எழுந்து வந்தார். மகள் இன்னும் அவரை உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அந்தக் கதைய எழுதப்போறியா?"

"நீங்க வேண்டாம்னா எழுதல."

டவுன் பஸ் வந்துவிட்டது. நான் படியில் ஏறும்போதுதான் பாய் சொன்னார்.

"எழுது. லைட்ட அணைச்சது நாந்தான்னும் எழுது."

எழுதிவிட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.