தம்பி போட்ட ஒற்றை வட்டம்

சென்னையில் திரைக்கதை வகுப்புக்குப் போய்வந்த தம்பி, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த கதையைப் படமாக எடுக்கப்போவதாக வந்து நின்றான். நானும் கதை எழுதுகிறவள்தானே, பேச்சை மட்டும் நம்ம ஊர்த் தமிழில் மாற்றித் தரச் சொன்னான். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதையில் நாயகன் அவன்தான். ஊரை விட்டுப் போகிறான், அலைகிறான், அடிபடுகிறான், ஜெயித்துத் திரும்புகிறான். அம்மா அவன் மடியில் உயிரை விடுகிறாள். நிஜத்தில் இந்தத் தம்பித் துரை ஊர் வந்து இறங்கும்போது பந்தல் போட்டுச் சங்கு ஊதியாயிற்று. அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிய பெரியக்கா இரண்டே காட்சியில் வந்து காபி கொடுத்துவிட்டுப் போகிறாள்.

"ஏலே, பெரியக்காவுக்கு இவ்வளவுதானா?"

"அவ ஹெல்பர்க்கா. நாயகன் பயணத்துக்கு அப்படி ஒரு ஆள் வேணும்" என்று லேப்டாப்பில் ஒரு வட்டத்தைக் காட்டினான். புறப்பாடு, சோதனை, வெற்றி, வீடு திரும்புதல் என்று சுற்றிலும் எழுதியிருந்தது.

"வீட்டை விட்டு நகராதவளுக்குப் பயணமே கிடையாதோ? ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறுனதும் கோயில்ல நூத்துக்கணக்குல ஆடிச்சுற்று சுத்துதாங்களே, பாத்திருக்கியா? ஒரே பிரகாரம், ஒவ்வொருத்திக்கும் ஒரு நேர்த்திக்கடன். அதுல எவ எவளுக்கு ஹெல்பர்? அம்மா எந்திரிச்சு உக்காரணும்னு அக்கா உள்ளங்கால் வெந்து சுத்துனா. அவளுக்கும் ஒரு வட்டம் போடு. அவ புறப்பட்டதையும் தோத்ததையும் எழுது. எனக்கும் ஒண்ணு போடு. மூணும் அம்மா கட்டில்கிட்ட வந்து முட்டட்டும்."

"மூணு ஹீரோன்னா புரொடியூசர் எந்திரிச்சு ஓடிருவாரு. அதை விடு. கடைசி சீனுக்கு ஒரு வசனம் வேணும். அம்மா கடைசியா என்ன சொன்னா?"

எனக்குத் தெரியாது. அந்த நேரம் பக்கத்தில் இருந்தது பெரியக்கா மட்டும்தான். எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அவள் சொன்னதில்லை.

"அவகிட்டயே கேளு. கேக்கதுக்கு மூஞ்சி இருந்தா."

அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியக்கா, கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் வாயில தண்ணி ஊத்துதேன், என்னைய யாருன்னு கேக்கா. தம்பி வந்துட்டானான்னு கேட்டா. வந்துட்டான்மான்னு சொன்னேன். கண்ணை மூடிட்டா."

தம்பி குனிந்து அதை டைப் அடிக்கத் தொடங்கினான். நான் லேப்டாப்பை அவன் விரல்மேலேயே அறைந்து மூடினேன்.